கடைசித் தவணை வரை வண்டி யாருடையது?

போன மாசி மாதம் என் தங்கை மகன் திருச்சுழியிலிருந்து வந்திருந்தான். மிளகாய் வியாபாரம் செய்கிறவன். கொஞ்சம் நிலமும் உண்டு. அவன் மனைவி பள்ளிக்கூடத்தில் டீச்சர். புதுக் கார் எடுக்கப் போவதாகச் சொல்லி, திண்ணையில் உட்கார்ந்து மூன்று காகிதங்களை என் முன்னால் வைத்தான்.

"மாமா, ஒண்ணு பேங்க் லோன். ஒண்ணு பிரைவேட் ஃபைனான்ஸ். இன்னொண்ணு லீஸாம், மாசா மாசம் வாடகை மாதிரி கட்டணுமாம். எது நமக்கு ஒத்து வரும்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்."

கூட்டுறவுத் துறையில் முப்பத்தைந்து வருஷம் கடன் கணக்கு பார்த்தவன் என்பதால் என்னிடம் வந்தான். "வச்சுட்டுப் போ மாப்ள, நாளைக்குச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். கணக்குப் போட அரை மணி நேரம் போதும்தான். ஆனால் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு காகிதத்தை ஐந்து நிமிஷத்தில் புரட்டிவிட்டு, "எல்லாம் வழக்கமானதுதான், கையெழுத்துப் போடுங்க பெரியப்பா" என்று சொன்னவன் நான். அதனால் இந்த முறை அவசரப்படவில்லை.

அந்தப் பெரியப்பாவின் கதையையும், இந்த மூன்று காகிதங்களும் நம் ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வாரமும் குத்தகையும் அடமானமும்

காசு கையில் இல்லாமல் ஒரு பொருளை வைத்துப் பிழைப்பது நம் கரிசல்காட்டுக்குப் புதிது இல்லை. வசதியுள்ளவர் ஒரு கன்றுக்குட்டியை வாரத்துக்கு விடுவார். ஏழை வீட்டுப் பெண் அதை வளர்ப்பாள். ஈற்றில் ஆளுக்குப் பாதி. மாடு செத்துப் போனால் இரண்டு பேருக்கும் நஷ்டம். மழை இல்லாமல் புல் காய்ந்தால் அந்தக் கஷ்டமும் இருவருக்கும்தான்.

நிலம் என்றால் குத்தகை உண்டு. இன்னொருவர் நிலத்தை உழுகிறோம், வருஷத்துக்கு இவ்வளவு என்று அளக்கிறோம், காலம் முடிந்தால் விட்டுவிட்டு வருகிறோம். அடமானம் உண்டு. நிலம் நம்முடையது, உழவும் நம்முடையது, பத்திரம் மட்டும் கடன் கொடுத்தவர் பெட்டியில் இருக்கும். உழவு மாடு வாங்க அரசாங்கமும் கடன் கொடுத்தது. வெள்ளைக்காரன் காலத்தில் 1884-ல் விவசாயிகள் கடன் சட்டம் ஒன்று வந்தது. விதைக்கும் மாட்டுக்கும் அதன் கீழ் பணம் கொடுத்தார்கள். நம் தாத்தாமார் 'தக்காவி கடன்' என்று சொன்னது இதைத்தான்.

இந்தச் சொற்களைத் தெரிந்தவர்களுக்கு இன்றைய கார் காகிதம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. லீஸ் என்பது குத்தகை. பேங்க் லோன் என்பது அடமானம். நடுவில் 'ஹெச்.பி.' என்று ஒன்று உண்டு. ஹயர் பர்ச்சேஸ், வாடகைக் கொள்முதல். "இப்போதைக்கு நீ குத்தகைக்காரன், கடைசித் தவணை கட்டிய அன்று உனக்குக் கிரயம்" என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஒருவர் நிலத்தை உழுவது மாதிரி. முப்பத்தைந்து தவணை கட்டியிருந்தாலும் முப்பத்தாறாவது கட்டும்வரை அவன் குத்தகைக்காரன்தான். என் பெரியப்பா சிக்கியது இங்கேதான்.

பியானோவில் ஆரம்பித்த வழக்கு

இந்த ஹெச்.பி. ஏற்பாடு சீமையிலிருந்து வந்தது. அமெரிக்காவில் சிங்கர் தையல் மெஷின் கம்பெனி 1850-களிலேயே தவணைக்கு மெஷின் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. நம் ஊர்களிலும் டைலர் கடைகளுக்குத் தவணை என்ற பழக்கத்தைக் கொண்டு வந்ததில் சிங்கர் மெஷினுக்குப் பங்கு உண்டு.

ஆனால் கடன் கொடுப்பவனுக்கு ஒரு பயம் இருந்தது. பொருளை வாங்கினவன் அதை வேறொருவனுக்கு விற்றுவிட்டால் என்ன செய்வது? இங்கிலாந்தில் ஒருவர் பியானோ ஒன்றை 36 மாதத் தவணையில் எடுத்தார். முழுவதும் கட்டுவதற்கு முன்பே அதை அடகுக்கடையில் வைத்துவிட்டார். பியானோவின் சொந்தக்காரர் வழக்குப் போட்டார். 1895-ல் பிரபுக்கள் சபை வரை போன இந்த வழக்குக்கு ஹெல்பி எதிர் மேத்யூஸ் என்று பெயர். எடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் பியானோவைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஆகவே அவர் வாங்குவதற்குக் கட்டுப்பட்டவர் இல்லை, வெறும் வாடகைக்காரர்தான். பியானோ சொந்தக்காரருக்கே சேரும் என்று தீர்ப்பாயிற்று.

இந்தத் தீர்ப்பு வந்ததும் கடன் கொடுக்கிறவர்கள் பயமில்லாமல் கொடுக்க ஆரம்பித்தார்கள். 'வாடகை' என்ற ஒரு சொல்லே அவர்களுக்குப் பூட்டும் சாவியும் ஆயிற்று. மோட்டார் வந்தபோது அந்தப் பூட்டு தயாராக இருந்தது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1919-ல் கார் வாங்குகிறவர்களுக்குக் கடன் கொடுக்கவே தனிக் கம்பெனி தொடங்கியது. ஹென்றி ஃபோர்டு கடன் என்றாலே முகம் சுளிக்கிறவர். அவர் 1923-ல் வேறு மாதிரி ஒரு திட்டம் போட்டார். வாரா வாரம் ஐந்து டாலர் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். விலை முழுவதும் சேர்ந்த பிறகுதான் கார் கைக்கு வரும். நம் வீட்டுப் பெண்கள் கட்டும் நகைச் சீட்டு மாதிரி! ஆனால் ஜனங்கள் கார் முதலில் வேண்டும் என்றார்கள். ஃபோர்டும் கடைசியில் கடன் வழிக்கே வர வேண்டியிருந்தது.

மதராஸில் 1954

நம் பக்கம் மோட்டார் என்றால் முதலில் சொல்ல வேண்டிய பெயர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். திருக்குறுங்குடியில் பிறந்தவர். 1910-களின் தொடக்கத்திலேயே பஸ் விட்டவர். மதுரையைத் தலைமையிடமாக வைத்து அவர் வளர்த்த டி.வி.எஸ். கம்பெனியைத் தெரியாதவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது.

ஆனால் அந்தக் காலத்தில் பஸ்ஸோ லாரியோ வாங்குவது முதல் உள்ளவர்களுக்கு மட்டுமே முடிந்தது. ஒரு டிரைவர் இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்தாலும் சொந்த லாரிக்கு வழியில்லை. பேங்குகள் பெரிய வியாபாரிகளுக்கும் ஆலைகளுக்கும்தான் கடன் கொடுத்தன. லுங்கி கட்டிய டிரைவர் பேங்க் படி ஏறினால் வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிடுவார்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஐயங்காரின் மகன் டி.எஸ். சந்தானம் 1954-ல் மதராஸில் சுந்தரம் ஃபைனான்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். தொடக்க மூலதனம் இரண்டு லட்சம் ரூபாய். முக்கியமாக லாரி, பஸ் வாங்குகிறவர்களுக்கு ஹெச்.பி. முறையில் பணம். பின்னால் இதே வழியில் தமிழ்நாட்டில் எத்தனையோ கம்பெனிகள் வந்தன. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் டிரைவராகவும் கிளீனராகவும் இருந்தவர்கள் லாரி முதலாளிகள் ஆனதற்கு இந்தத் தவணைப் பணம் பெரிய காரணம். அதை மறுக்கவே முடியாது. ஃபைனான்ஸ் என்றாலே கெட்டது என்று சொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை.

சுந்தரம் ஃபைனான்ஸுக்கும் கேரள அரசுக்கும் நடந்த ஒரு வழக்கு அறுபதுகளின் நடுவில் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஹெச்.பி. என்றால் கம்பெனி வண்டியை வாடிக்கையாளருக்கு விற்கிறது, எனவே விற்பனை வரி கட்டு என்றது கேரளம். நாங்கள் கடன் கொடுக்கிறோம், வண்டி விற்கவில்லை என்றது கம்பெனி. வண்டியை வாங்கியது வாடிக்கையாளரே, பதிவும் அவர் பெயரில்தான் இருக்கிறது, ஹெச்.பி. பத்திரம் கடனுக்குப் பாதுகாப்பாக எழுதிக்கொண்டது மட்டுமே என்று பெரும்பான்மை நீதிபதிகள் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள்.

இதை நான் முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதே மாதிரிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட டிரைவரிடம், வண்டி தூக்கப்படும்போது, "இது உன் வண்டி இல்லை, நீ வாடகைக்காரன்" என்பார்கள். வரி கேட்டு வருகிறவரிடம், "வண்டி அவருடையது, நாங்கள் கடன் கொடுத்தவர்கள்" என்பார்கள். எந்த ஒரு கம்பெனியையும் சொல்லவில்லை. அந்தப் பத்திரத்துக்கே இரண்டு முகம் இருந்தது.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 1982-ல் அரசியல் சட்டத்தை 46-ஆம் முறையாகத் திருத்தி, ஹெச்.பி.க்கும் லீஸுக்கும் விற்பனை வரி போட வழி செய்துகொண்டது.

பெரியப்பாவின் லாரி

எழுபதுகளின் தொடக்கம். நான் பி.காம். முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தேன். பெரியப்பா அருப்புக்கோட்டையில் ஒரு லாரி ஆபீஸில் டிரைவர். பருத்தி, மிளகாய், மல்லி என்று விருதுநகர் மார்க்கெட்டுக்கும், கரிமூட்டம் போடுகிற காலத்தில் அடுப்புக்கரி ஏற்றிக்கொண்டு வெளியூருக்கும் ஓட்டுவார். எத்தனை நாள்தான் அடுத்தவன் வண்டியை ஓட்டுவது என்று ஒரு பழைய லாரியை விலை பேசினார். இரண்டு ஏக்கர் கரிசலை விற்று, பெரியம்மாவின் சங்கிலியையும் போட்டு முன்பணம் கட்டினார். மீதி 30,000 ரூபாய் ஃபைனான்ஸ். 36 மாதத் தவணை. பெயர் வேண்டாம், அந்த ஃபைனான்ஸ் இப்போது இல்லை.

பத்திரம் இங்கிலீஷில் நாலு பக்கம், பொடி எழுத்து.

"ஏ தம்பி, நீ படிச்ச பிள்ளை. இதுல என்ன போட்டிருக்குன்னு பாருப்பா" என்றார்.

நான் பார்த்தேன் என்று சொல்வதைவிடப் புரட்டினேன் என்று சொல்ல வேண்டும். எனக்குப் பாதி புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லக் கூச்சம். பட்டம் வாங்கியவன் இல்லையா! கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டேன்.

வட்டி 'ஒரு வட்டி' என்று சொன்னார்கள். நம் ஊர்க் கணக்கில் மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய். 30,000-க்கு மூன்று வருஷ வட்டி 10,800. அசலும் வட்டியும் சேர்த்து 40,800. அதை 36-ஆல் வகுத்தால் மாதம் 1,133 ரூபாய். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதில் இருக்கும் சூட்சுமம் எனக்கு வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் புரிந்தது. மாதா மாதம் அசலும் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ கடைசி மாதம் வரை முழு 30,000-க்கும் போட்டிருக்கிறார்கள். குறைகிற அசலுக்கு மட்டும் வட்டி போட்டுப் பார்த்தால், அது ஒரு வட்டி இல்லை, ஒன்றேமுக்கால் வட்டி. வருஷத்துக்கு 21 சதவீதம்.

இரண்டரை வருஷம் பெரியப்பா ஒரு மாதம் தவறாமல் கட்டினார். பிறகு மழை பொய்த்தது. நம் மானாவாரிச் சீமையில் ஐப்பசி, கார்த்திகை மழை தவறினால் தை, மாசியில் மிளகாய் இல்லை, பருத்தி இல்லை. விளைச்சல் இல்லை என்றால் லோடு இல்லை. அப்படியும் 33 தவணை கட்டிவிட்டார். ஆக மொத்தம் 37,400 ரூபாய். வாங்கிய கடனைவிட 7,400 அதிகமாகவே கட்டியாயிற்று. பாக்கி மூன்று தவணை, 3,400 ரூபாய்.

பந்தல்குடி ரோட்டில் ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோது நாலு பேர் வந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு லாரியை எடுத்துப் போய்விட்டார்கள். பெரியப்பா என்னைக் கூட்டிக்கொண்டு ஃபைனான்ஸ் ஆபீஸுக்குப் போனார். அங்கே இருந்தவர் பத்திரத்தை எடுத்து ஒரு வரியை விரலால் காட்டினார். கடைசித் தவணை வரை வண்டியின் உரிமையாளர் கம்பெனியே, தவறினால் முன்னறிவிப்பு இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. நான் புரட்டித் தள்ளிய மூன்றாவது பக்கம்.

பெரியப்பா என்னைத் திட்டவில்லை. வெளியே வந்து, "விடுப்பா, உனக்கு என்ன தெரியும்" என்றார். அது திட்டைவிட மோசமாக இருந்தது. அதன் பிறகு அவர் சாகிற வரை அடுத்தவர் வண்டியைத்தான் ஓட்டினார்.

அமலுக்கு வராமலே செத்த சட்டம்

இதற்குப் பல வருஷம் கழித்து ஒரு சட்டப் புத்தகத்தில் படித்தேன். 1972-லேயே நாடாளுமன்றம் ஹயர் பர்ச்சேஸ் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியிருக்கிறது. பொருளையும் விலையையும் பொறுத்துப் பாதியோ முக்கால் பங்கோ கட்டி முடித்துவிட்டால், அதன் பிறகு கோர்ட்டுக்குப் போகாமல் பொருளைத் திரும்ப எடுக்கக் கூடாது என்று அதில் இருந்தது. விலை கூடிய மோட்டார் வண்டிக்கு அரசாங்கம் நினைத்தால் அந்த அளவைப் பத்தில் ஒன்பது பங்கு வரை உயர்த்தலாம். அதற்கு மேல் போக முடியாது.

பெரியப்பா கட்டியது 36-ல் 33. பத்தில் ஒன்பதையும் தாண்டிவிட்டது. அந்தச் சட்டம் நடப்பில் இருந்திருந்தால் டீக்கடை வாசலில் யாரும் சாவியைத் தொட்டிருக்க முடியாது.

ஆனால் அது நடப்புக்கு வரவே இல்லை. 1973-ல் அமலாகும் என்று தேதி குறித்தார்கள். பிறகு தள்ளிப் போட்டார்கள். பிறகு அந்த அறிவிப்பையே வாபஸ் வாங்கிவிட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அச்சில் மட்டும் இருந்த சட்டத்தை 2005-ல் ரத்தும் செய்துவிட்டார்கள். பிறந்த குழந்தைக்குப் பெயர் வைத்து, ஒரு நாளும் தொட்டிலில் போடாமல் காரியம் செய்தது மாதிரி.

வண்டியைத் தூக்குகிற விஷயத்தில் நியாயம் மெதுவாகத்தான் வந்தது. 2007-ல் உச்ச நீதிமன்றம், கடன் வசூலுக்கு ஆட்களை ஏவி வண்டியைப் பறிப்பதைக் கடுமையாகக் கண்டித்தது. 2011-ல், ஹெச்.பி. வண்டியாகவே இருந்தாலும் சட்டப்படியான வழியில்தான் எடுக்க வேண்டும், பலாத்காரம் கூடாது என்று இன்னொரு வழக்கில் சொன்னது. தமிழ்நாட்டிலும் 2003-ல் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்கச் சட்டம் வந்தது. இதெல்லாம் பெரியப்பாவுக்கு உதவவில்லை. நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

லீஸும் கார் கடனும்

லீஸ் என்பதும் முதலில் மதராஸில்தான் கம்பெனியாக வந்தது. 1973-ல் தொடங்கிய ஃபர்ஸ்ட் லீசிங் கம்பெனிதான் இந்தியாவின் முதல் லீசிங் கம்பெனி. ஆலைகளுக்கு மெஷின், கம்பெனிகளுக்கு வண்டி என்று குத்தகைக்குக் கொடுப்பார்கள். பொருள் கொடுத்தவர் பெயரிலேயே இருப்பதால் தேய்மானத்தை வருமான வரியில் அவர் கழித்துக்கொள்வார். எடுத்தவர் கட்டும் வாடகையைத் தன் செலவில் காட்டிக்கொள்வார். இரண்டு பக்கமும் வரிக் கணக்கு இருக்கிறவர்களுக்கு லாபம். எண்பதுகளில் தெருவுக்குத் தெரு லீசிங் கம்பெனி முளைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். டெபாசிட் போட்டு ஏமாந்தவர்களுக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கும்.

சொந்தக் கார் என்பது அப்போது வேறு உலகம். அம்பாசடர் அல்லது ஃபியட், அதற்கும் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மாருதி வருகிறது என்றதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆளுக்கு 10,000 ரூபாய் முன்பணம் கட்டிப் பதிவு செய்தார்கள். 1983 டிசம்பர் 14-ஆம் தேதி முதல் காரின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். விலை ஐம்பதாயிரத்தை ஒட்டி. எங்கள் ஊரில் ஒரு டாக்டர் வீட்டுக்கு மாருதி வந்தபோது தெருப் பிள்ளைகள் எல்லாம் தொட்டுப் பார்க்கப் போனார்கள்.

1969-ல் 14 பேங்குகளை அரசுடைமை ஆக்கிய பிறகுதான் டிராக்டர், லாரி, ஆட்டோ வாங்க சாதாரண ஆட்களுக்கு பேங்க் கதவு திறந்தது. கார் கடன் பரவலானது தொண்ணூறுகளில். 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வந்தபோது கார் விற்கிற கடையிலேயே கடன் கொடுக்கிறவரும் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். மாதச் சம்பளக்காரர் எல்லாம் கார் வாங்க முடிகிற காலம் வந்தது. நல்லதுதான்.

ஆனால் டிராக்டர் கடனுக்கும் கார் கடனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நிலவள வங்கியில் டிராக்டர் கடன் கொடுக்கும்போது, விளைச்சல் வருகிற காலத்தைப் பார்த்து அரையாண்டுக்கோ ஆண்டுக்கோ ஒரு தவணை வைப்போம். கார் தவணை அப்படி இல்லை. மாசியிலும் கட்ட வேண்டும், ஆடியிலும் கட்ட வேண்டும். மழை பெய்ததா என்று அது கேட்காது.

மூன்று காகிதம்

மறுநாள் மருமகன் வந்தான். மூன்று காகிதத்தையும் வரி வரியாகப் படித்து வைத்திருந்தேன்.

முதல் காகிதம் பேங்க். 5,00,000 ரூபாய்க்கு வருஷம் 9 சதவீதம், குறைகிற அசலுக்கு வட்டி, ஐந்து வருஷம். மாதம் 10,379 ரூபாய். மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 6,22,750.

இரண்டாவது தனியார் ஃபைனான்ஸ். கையால் எழுதிக் கொடுத்த சீட்டு. அதே 5,00,000, அதே 9 சதவீதம். ஏழு வருஷம். மாதம் 9,702 ரூபாய்தான்.

"இதுதான மாமா கம்மி? நம்ம கணக்குல முக்கால் வட்டிதான வருது" என்றான்.

"அந்த ஒன்பதுக்குப் பக்கத்துல 'ஃபிளாட்'னு பொடியா எழுதியிருக்கு பாரு மாப்ள" என்றேன். வருஷம் 45,000 வீதம் ஏழு வருஷத்துக்கு வட்டி 3,15,000. மொத்தம் 8,15,000. பேங்கைவிட 1,92,000 ரூபாய் அதிகம். குறைகிற அசலுக்குக் கணக்குப் போட்டால் வருஷம் 15 சதவீதத்துக்கு மேல் போகிறது. முக்கால் வட்டி இல்லை, ஒன்றேகால் வட்டி. மாதத் தவணை சின்னதாகத் தெரிவது, காலம் நீண்டதால்தான். பெரியப்பாவிடம் 'ஒரு வட்டி' என்று சொன்ன அதே கணக்கு, ஐம்பது வருஷம் கழித்து அச்சு மாறாமல் என் திண்ணைக்கு வந்திருந்தது.

மூன்றாவது லீஸ். முன்பணம் கிடையாது. இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் அவர்களே. நாலு வருஷம் கழித்துக் காரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாடகை மேல் ஜி.எஸ்.டி. உண்டு, கடன் வட்டி மேல் அது கிடையாது. வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் ஓடலாம், மிஞ்சினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். ஊர் ஊராக மாற்றல் ஆகிற உத்தியோகஸ்தருக்கு, கம்பெனியே லீஸ் எடுத்துக் கொடுத்து வரியும் மிச்சமாகிறவருக்கு, இது சரியாக வரலாம். நரிக்குடிக்கும் காரியாபட்டிக்கும் விருதுநகருக்கும் நாள் தவறாமல் அலைகிற மிளகாய் வியாபாரிக்கு இது வறண்ட காட்டில் குத்தகை பிடிப்பது மாதிரி. நாலு வருஷம் அளந்துவிட்டு வெறும் கையோடு வர வேண்டும்.

இப்போது மூன்றாவது பக்கத்தைத் தேட வேண்டிய அவசியம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. 2024 அக்டோபர் முதல், தனிநபர் கடன் கொடுக்கும் பேங்கும் ஃபைனான்ஸும், எல்லாச் செலவும் சேர்த்து வருஷத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்று கேட்டால் தர வேண்டும், அதுவும் கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில். கையால் எழுதிய சீட்டை நம்பாமல் அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள். ஃபிளாட் வட்டி அதில் ஒளிய முடியாது.

இன்னொன்று. எந்தக் கடனில் எடுத்தாலும் ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்தவர் பெயர் ஏறும். கடைசித் தவணை கட்டினதோடு வேலை முடிந்தது என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். என்.ஓ.சி.யும், கடன் கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட 35-ஆம் நம்பர் படிவமும் வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்து அந்தப் பெயரை நீக்க வேண்டும். அன்றைக்குத்தான் வண்டி முழுக்க நம்முடையது.

மருமகன் கேட்டான், "அப்ப பேங்க் லோனே போட்டுரவா மாமா?"

"அதுக்கு முன்னால ஒரு கேள்வி. அடுத்த வருஷம் மழை இல்லைனா இந்தப் பத்தாயிரத்தை எங்க இருந்து கட்டுவ?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடிவு செய்தார்கள். அந்த மாசி மிளகாய்ப் பணத்தை முன்பணமாகக் கூடப் போட்டு, கடனைக் குறைத்து, மாதத் தவணை டீச்சர் சம்பளத்துக்குள் அடங்குகிற மாதிரி வைத்துக்கொண்டார்கள். விளைச்சல் நன்றாக இருக்கிற வருஷம் முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்பதையும் கேட்டு, எழுத்தில் வாங்கச் சொன்னேன். வாங்கினான்.

வாரத்துக்கு விட்ட மாடு செத்தால் நஷ்டம் இருவருக்கும் என்று முதலில் எழுதினேன் அல்லவா. லீஸ், லோன், ஹெச்.பி. மூன்றிலும் இல்லாதது அது ஒன்றுதான். மழை பொய்த்தால் நஷ்டம் முழுவதும் கட்டுகிறவனுக்கு. அதனால் நம் சீமைக்காரர்கள் வட்டி எத்தனை என்று கேட்பதோடு நிறுத்தாமல், மழை இல்லாத வருஷத்தை மனதில் வைத்துத் தவணையை முடிவு செய்ய வேண்டும்.

சித்திரையில் புதுக் காரை ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு முன்னால் நிறுத்தினான். எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். என்னை முன் சீட்டில் உட்கார வைத்துப் பந்தல்குடி ரோட்டில் கொஞ்ச தூரம் கூட்டிப் போனான். அந்த டீக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அங்கே வண்டியை நிறுத்தச் சொன்னேன். எதற்கு என்று அவன் கேட்டான். பெரியப்பாவின் கதையை அன்றைக்குத்தான் அவனுக்கு முதல் முறையாகச் சொன்னேன்.